மழையில் பார்த்த மனை

மழை நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி வேண்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஐம்பதுக்கு இரண்டு வயதுதான் பாக்கி. இத்தனை வருஷத்தில் எத்தனை மழையிடம் போதும் நில்லு என்று கெஞ்சியிருப்பேன், ஒழுகுகிற இடத்துக்குக் குண்டானை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டே. இன்றைக்கு மட்டும் பெய், நான் போய்ச் சேரும்வரை விடாமல் பெய். ஜன்னல் ஷட்டர் முழுதாக இறங்கவில்லை, அந்தச் சந்து வழியாகச் சாரல் என் இடது தோளை நனைக்கிறது, நனைக்கட்டும். மாம்பட்டு கூட்டு ரோடா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். இந்த மழையில் அங்கே இறங்கி என்ன செய்யப் போகிறாள் என்று அவருக்கு. எனக்கும் அதுதான் தெரியவில்லை. காலையில் ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தவள் பத்தரை மணிக்கு எப்படி இந்த பஸ்ஸில் இருக்கிறேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது என் தொழில், இருபது வருஷமாக அதுதான். ஃபால்ஸ் துணியை வாங்கிய கையோடு தைத்துவிடக் கூடாது. தண்ணீரில் ஊறப் போட வேண்டும், பிழிந்து உலர்த்த வேண்டும், இஸ்திரி போட வேண்டும், அப்புறம்தான் புடவையில் வைக்க வேண்டும். அப்படியே தைத்தாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கிக்கொள்ளும், நல்ல பட்டுப் புடவையின் கரை முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். இன்று ஒரு பச்சைத் துண்டைப் பிழிகிறபோது தலைக்கு மேலே தகரத்தில் மழை விழுந்தது. ஒரு துண்டுத் துணியை நனைக்காமல் தொடமாட்டேன் என்கிறவள், வெயிலில் பார்த்த மனைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேனே என்று தோன்றியது. தோன்றியதும் கை அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குத் தயாளன் அக்ரிமெண்ட் காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறான். அவன்தான் மனை விற்கிற ஏஜென்ட். அவன் வருவதற்குள் அந்த மண்ணை ஒரு தடவை நனைந்த கோலத்தில் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அவ்வளவுதானா என்று கேட்டால் அதுவும் தெரியாது. பயமாக இருக்கிறது, அது ஒன்று நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன வெயில் அடித்தது. வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள், உள்ளே குளுகுளுவென்று, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கு ஒரு தொப்பி. செந்தாமரை அவென்யூ என்று சிமெண்டில் வளைவு கட்டி அதன் தலையில் ஒரு தாமரை, வழி நெடுக மஞ்சள் கொடிகள். பந்தலில் மின்விசிறி. மைக்கில் ஒருவர் இதுவரை எத்தனை மனை போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். அந்தப் பொட்டுகள் ஏற ஏற எனக்கு மனசு பதறியது. நாம் பார்த்துத் தள்ளி வைத்த புடவையை இன்னொருத்தி எடுத்து மேலே போட்டுப் பார்க்கும்போது பதறுமே, அந்த மாதிரி. மங்கை அக்கா என் கையை விடவே இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, மங்கையர்க்கரசி, மூன்று மனை வாங்கி இரண்டை நல்ல விலைக்கு விற்றவள். இடம் என்று வந்துவிட்டால் குடும்பத்தில் அவள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அந்த வெயிலில் முழு இடத்தையும் ஒரு சுற்று சுற்றிவந்தாள். நாற்பத்திரண்டாம் நம்பர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, இதுதான்டி என்றாள். ஈசானி மூலை, மொத்த இடத்துக்கும் வடகிழக்கு. தரையும் அந்த மூலையைப் பார்த்துச் சரிந்து இறங்குகிறது, ஈசானியத்தில் பள்ளம் இருந்தால் அந்த வீட்டில் கஷ்டம் என்பதே இருக்காது, இப்படி அமைய வேண்டும் என்றால் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்றாள். தயாளன் உடனே பிடித்துக்கொண்டான். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் ஈசானி மூலைக்கு மட்டும் தனி விலை, காலையிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள் என்றான். என் கையில் சாம்பார் சாதப் பொட்டலம் இருந்தது, அதன் சூடு உள்ளங்கையில் தெரிய நான் தலையாட்டினேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். சிவப்புப் பொட்டை என் கையாலேயே ஒட்டச் சொல்லிக் கைதட்டினார்கள். எனக்காக யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு யார் தட்டுவார்கள், எதற்குத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் ஞாயிறு முழுக்கக் காதில் இருந்தது, திங்கட்கிழமை காலையில் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனால் என் பயத்தை நான் நம்ப முடியாது, அதில்தான் சிக்கல். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை வெட்டி மனை போட்டார்கள். கடனை உடனை வாங்கியாவது ஒன்றை வாங்கிப் போடலாம் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். நானும் போய்ப் பார்த்தேன். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை கிடந்தது, வெள்ளையாக, காற்றில் மெல்ல அசைந்துகொண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை, அந்தச் சட்டைதான். இன்றைக்கு அந்த இடத்துக்கு எதிரே கல்யாண மண்டபம், பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மைத்துனர், மங்கை அக்காவின் வீட்டுக்காரர், வண்டியை மெதுவாக ஓட்டி, அஞ்சலாட்சியோட பாம்பு நல்லா இருக்குதா, ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமா என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட, நீ சரி என்று சொல்லியிருந்தால் என்று அவர் வாய் தொடங்கியதில்லை. அதற்கு நான் எந்தச் சாமிக்கு என்ன செய்வது. திட்டியிருந்தால் ஆறிப்போயிருக்கும், திட்டாததால்தான் இன்னும் உள்ளேயே இருக்கிறது. இப்போது மறுபடியும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது, இது பாம்பா, பாம்புச் சட்டையா என்று எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லி ஒரு தடவை குடும்பத்தைப் பின்னால் தள்ளினவள், மறுபடி அதையே செய்யத்தான் காரணம் தேடி மழையில் ஓடுகிறேனோ. இப்போதே இறங்கி எதிர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாமா. மங்கை அக்காவிடம் சொல்லாமல் கிளம்பியது தப்பு. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள், அதனால்தானே சொல்லவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. முன் ஸீட்டில் ஒரு பெண் பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறாள். எதையும் முடிவு செய்ய வேண்டாத காலை நேரம் அவளுக்கு. அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், உடனே வெட்கமாகவும் இருக்கிறது.

காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. மங்கை அக்காவுக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரைக்கும் பார்த்துவிட்டார், அனுமதி வாங்கிய மனைதான் என்று உறுதியாகச் சொன்னார். நானும் எழுத்துக்கூட்டி இரண்டு நாள் படித்தேன், வடக்கில் பொதுப்பாதை, கிழக்கில் இன்னார் புஞ்சை, எல்லாம் இருந்தது. ஆனால் காகிதம் நனைந்திருக்கவில்லை. காகிதம் போதாதா என்றால், மற்றவர்களுக்குப் போதும். எங்களுக்கு இந்தப் பணம் ஒன்றுதான் இருக்கிறது. அவர், தணிகாசலம் என்று பெயர் சொல்லி நினைத்தாலும் இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் உதவியாளர். பென்ஷன் கிடையாது. கடைசி நாளில் சால்வை போட்டு மொத்தமாகக் கொடுத்து அனுப்பிய பணம்தான் எங்கள் மிச்ச காலம் முழுவதற்கும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பெண் ஓசூரில் அவள் குடும்பத்தோடு இருக்கிறாள், அவளிடம் கை நீட்டக் கூடாது. மனை வாங்கி, மீதியில் இரண்டு சின்ன போர்ஷன் கட்டி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கஞ்சி குடிப்பது என்பது மங்கை அக்கா போட்டுக்கொடுத்த யோசனை. நல்ல யோசனை. அவள் மட்டும் பிடித்து இழுத்திருக்காவிட்டால் பணம் பாங்கிலேயே கிடந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒவ்வொரு சீருக்கும் கரைந்து போயிருக்கும். அவள் குரல்தான் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம். ஆனால் முடிவை அவர் அவளிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார். பாங்க் புத்தகத்தை என் தையல் மெஷின் மேல் வைத்து, எனக்கு மணி அடிக்கத்தான் தெரியும், நீ பாத்துச் செய் அஞ்சல என்றார். பாம்புச் சட்டைக்காரியிடம். நன்றி என்பது இத்தனை பாரமாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். கூட்டு ரோடு வந்துவிட்டது. பாத்து எறங்கும்மா என்கிறார் கண்டக்டர், நான் குடையை விரித்து முடிக்கும்வரை விசில் அடிக்காமல் நிற்கிறார். அவர் பிள்ளை குட்டி நன்றாக இருக்க வேண்டும்.

மழை விடவில்லை, அதற்கும் கும்பிடு. வீட்டுக்காரரின் பெரிய கறுப்புக் குடை, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவர் கூட வருவது போலத்தான் இருக்கிறது. வளைவுக்குள் நுழைந்தால் ஆளே இல்லை. கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பந்தலின் நாலு கால்கள் மட்டும் நிற்கின்றன, கைதட்டிய இடத்தில் சேறு. உள் ரோடு புதுத் தார், நல்ல உயரமாகப் போட்டிருக்கிறார்கள், அதில் நடக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த உயரம் கண்ணில் படவே இல்லையே. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள், பதினெட்டு, பத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. எண்களைப் படித்துக்கொண்டே போகிறேன், போகப் போக ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மண் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றும் இருக்காது, ஈரமாக இருக்கும், மழைக்கு ஈரமாகத்தானே இருக்கும். நாற்பது. நாற்பத்தொன்று. அதற்கு அப்புறம் கல்லைக் காணோம். நான் வழிதவறி விட்டேன் என்றே நினைத்தேன், சத்தியமாக. திரும்பி வளைவைப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் தெரிந்தது, டீயின் நிறத்தில் பரந்து கிடக்கிற தண்ணீரில் ஒரு வெள்ளை முனை, அதன் மேல் ஒரு தவளை. மங்கை அக்கா திசைகாட்டியோடு நின்ற இடம் அதுதான். செருப்பைக் கழற்றி ரோட்டில் வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால், ஆடுசதை, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. அடியில் மண் குழைந்து விரல்களுக்கு நடுவே ஏறுகிறது. தவளை குதித்துவிட்டது. தண்ணீருக்குள் குனிந்து கல்லைக் கையால் தடவினேன், செதுக்கிய எண் விரலில் தெரிந்தது, நாலு, அப்புறம் இரண்டு. அழ வேண்டும் இல்லையா நான். அழுகை வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றுவிட்டிருந்தது. மூன்று நாளாகத் தறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறபோது அடங்கிப்போயிருந்தது. பாம்புதான், சட்டை இல்லை. என் பயம் இந்தத் தடவை என்னை வீட்டில் உட்கார வைக்காமல் பஸ் ஏற்றி விட்டிருக்கிறது. அதற்குக்கூட நன்றி சொல்லலாம் போலிருந்தது, இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டே இருந்த பயத்துக்கு.

பின்னாலிருந்து, இன்னாம்மா தேடற, எதனா வுட்டுட்டியா என்று குரல். கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு அம்மா ரோட்டில் நிற்கிறாள், கையில் நீளக் குச்சி, அறுபது இருக்கும். மனை பார்க்க வந்தேன் அக்கா என்றேன். தண்ணீருக்குள் நின்றுகொண்டு அதைச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அவள் சிரித்தாள், பல் இருந்த இடமும் இல்லாத இடமும் தெரிய. மழையில் மனை பார்க்க வந்த முதல் ஆள் நான்தானாம், மற்றவர்கள் வேனில் வந்து தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். நாப்பத்திரண்டு நீதானா, தாமரைன்னு சரியாத்தான் பேரு வெச்சிக்கிறாங்க, இன்னும் பத்து நாளு வுட்டா பூவே பூக்கும் என்றாள். கையைக் கொடுத்து என்னை மேலே ஏற்றிவிட்டாள், உள்ளங்கை கட்டைபோல் இருந்தது. பூங்காவனம் என்று பெயராம், பக்கத்து ஊராம், ஆடு மேய்க்கிறாளாம். முன்பெல்லாம் இந்தத் தண்ணீர் சரிந்து அந்தப் பக்கம் இறங்கி ஓடிவிடுமாம், ரோட்டை உயர்த்திப் போட்டதிலிருந்து போக வழி இல்லாமல் இந்த மூலையில் வந்து நிற்கிறதாம், போன வருஷம் கார்த்திகை முழுக்க நின்றதாம். மண் அடிச்சி ரொப்பிக்கலாம், ஆனா நீ ரொப்பினா பக்கத்துக்காரன் ஊட்ல நிக்கும், அப்புறம் அவன் உன்னாண்ட வருவான் என்றாள். ஆடுகள் எங்கே என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று. குச்சியால் காட்டினாள். முழு இடத்திலும் மரம் கிடையாது, கூரை கிடையாது. வளைவுக்கு உள்ளே இடது பக்கம், ரோட்டோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன மேடு, வரும்போது குடை மறைத்ததில் நான் பார்க்கவில்லை. அதன் மேல் இருபது ஆடுகள், முகத்தை மழைக்குத் திருப்பிக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்து நெருக்கமாகப் படுத்துக்கொண்டிருந்தன. ஏன் அங்கே என்றேன். ஈரத்தில் படுத்தால் குளம்பு அழுகிவிடும், அதனால் அதுகளே பார்த்துத்தான் படுக்கும், நாலு வருஷமாக எந்த மழைக்கும் அந்த இடம்தான் என்றாள். அவள் பின்னாலேயே நடந்துபோய்ப் பார்த்தேன். மேலே விழுகிற தண்ணீர் விழுந்த கையோடு சரிந்து ஓடிவிடுகிறது. குனிந்து மண்ணை அழுத்தினேன், விரல் இறங்கவில்லை. கல்லில் ஏழு என்று இருந்தது.

ஏழாம் நம்பரை ஞாயிற்றுக்கிழமை யாரும் எனக்குக் காட்டவில்லை. பொட்டு இல்லாத கட்டம். ஏன் என்று பார்த்தால் ரோடு தெற்கே இருக்கிறது, வாசல் தெற்குப் பார்த்துத்தான் வைக்க முடியும். தெற்கு என்றால் எமன் திசை, எங்கள் பக்கத்தில் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். செல்போனைப் பிளாஸ்டிக் கவரோடு காதில் வைத்துத் தயாளனைக் கூப்பிட்டேன். மழையில யாராவது மனை பாக்கப் போவாங்களாக்கா என்றான் முதலில். அப்புறம் நாலு லோடு மண் அவனே அடித்துத் தருவதாகச் சொன்னான், பக்கத்து மனைக்காரர் என்ன ஆவார் என்றதற்கு, அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா என்றான். ஏழாம் நம்பர் இருக்கிறதா என்றேன். அது தெற்குப் பார்த்ததுக்கா, தெரிஞ்சே கேக்கறீங்களா என்றான். தெரிஞ்சேதான் கேக்கறேன் என்றேன். இருக்கிறதாம், விலையும் இறங்கி வருமாம், கொடுத்த டோக்கனை அதற்கே மாற்றிக்கொள்ளலாமாம். அரைமணி நேரத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்ததும் நெஞ்சு மறுபடி தொடங்கிவிட்டது. ஊரே வேண்டாம் என்கிற மனையை நான் போய் வாங்கினால், நாளைக்கு விற்கப் போகும்போது யார் வாங்குவார்கள். என் பெண் விற்கும்போது யார் வாங்குவார்கள். மங்கை அக்கா முகத்தில் விழிக்க முடியுமா, மைத்துனர் பாம்பை விட்டுவிட்டு எமனைப் பிடித்துக்கொள்வாரே. ஆடு காட்டிய இடத்தில் பணத்தைப் போட்டவள் என்று சொல்வார்கள், உண்மையும் அதுதானே. எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அன்றைக்குத் தெற்கு வாசல்தான் காரணம் என்று ஆகிவிடாதா. குடைக்குள் நின்றுகொண்டு ரோட்டில் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடக்கிறேன். பூங்காவனம் என்னைப் பார்த்துவிட்டு ஆடுகளைப் பார்க்கிறாள். விற்கப்போவது யார். விற்பதற்கா வாங்குகிறோம், வாடகைக்கு விடத்தானே. வாடகைக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள். இதை மங்கை அக்காவிடம் கேட்டால் தெரியாது, அவள் சொந்த வீட்டிலேயே வாழ்ந்தவள். என்னைக் கேட்க வேண்டும். இருபத்தாறு வருஷம், ஏழு வீடு. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருக்கிறேன். கக்கூஸ் உள்ளேயா வெளியேயா என்று கேட்டிருக்கிறேன். மழைக்கு ஒழுகுமா, வாசலில் தண்ணீர் நிற்குமா, தையல் மெஷின் ஓட்டினால் மேல் வீட்டில் சண்டைக்கு வருவார்களா. அதையெல்லாம் கேட்டிருக்கிறேன். வாசல் எந்தத் திசை என்று ஒரு வீட்டில்கூடக் கேட்டதில்லை. கேட்கிற நிலையில் நாங்கள் இருந்ததில்லை. இனி என்னிடம் வரப்போகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அந்த ஏழு வீட்டுக்காரர்களையும் இதுவரை நல்லபடியாக நினைத்ததே இல்லை, ஒவ்வொருவராக முகம் வந்தது, திட்டத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்க நேரம் ஆனது, சுவரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமே. மழைச் சத்தத்திலேயே புரிந்திருக்கும், எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை, குடை போதுமா என்று கேட்டார். நாற்பத்திரண்டில் முழங்கால் தண்ணீர் என்றேன். ம் என்றார். ஆடு படுத்திருக்கிற மேட்டைச் சொன்னேன், பூங்காவனத்தைச் சொன்னேன், தயாளன் சொன்னதைச் சொன்னேன். தெற்குப் பார்த்த வாசல் என்பதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னேன், பக்கத்தில் யாரோ இருப்பது போல. மங்கை அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாளே என்றேன். ஒருவேளை நான் பயத்தில் தப்பு செய்கிறேனோ, போன தடவை மாதிரி, எனக்குப் புரியவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அந்தப் பக்கம் எங்கள் தகரத்தில் விழுகிற மழை கேட்டது. இந்தப் பக்கம் குடைமேல் விழுகிற மழை. அவர், இப்ப நாம இருக்கற வீடு எந்தப் பக்கம் பாத்தது என்றார். எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷமாக இருக்கிற வீடு. காலையில் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன், சந்து வீடு, வெயிலே வராது. தெரியலையே என்றேன். எனக்கும் தெரியல, நல்லாத்தான இருக்கோம் என்றார். அண்ணிகிட்ட நான் பேசிக்கறேன், நீ நனையாம வா. அவ்வளவுதான். பதினாலு வருஷமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட மனுஷன், தன் அண்ணியிடம் இதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனுஷன். தயாளனைக் கூப்பிட்டேன். ஏழாம் நம்பருக்குக் காகிதம் எல்லாவற்றையும் தனியாகக் கொடுக்க வேண்டும், பத்திர எழுத்தர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அக்ரிமெண்ட், இன்று நாலு மணிக்கு வர வேண்டாம், நான் கூப்பிடுகிற நாளில் வந்தால் போதும் என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் நிபந்தனை சொன்னதில்லை. சரிங்கக்கா என்றான் அவன், அவ்வளவு சுலபமாக.

பூங்காவனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஏயாம் நம்பரா வாங்கப் போற என்றாள். ஆமாம் என்றேன், சாமி புண்ணியத்தில் எல்லாம் சரியாக இருந்தால். அவள் ஆடுகளுக்கு நடுவே போய்க் காலால் இடம் விலக்கி நின்று அந்த மேட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், விலை பேசுகிறவள் மாதிரி. நல்ல எடம், தண்ணி அண்டாது என்றாள். உன் ஆட்டால்தான் அக்கா எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன். சொல்லிவிட்டு அது போதவில்லை என்று தோன்றியது. பையில் என்ன இருக்கிறது, கொடுக்க ஏதாவது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இல்லை, ஈரக் கைக்குட்டைதான். அவள் அதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. கோணிப்பையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, குச்சியை நீட்டி, முதலில் படுத்திருந்த கறுப்புக் கிடாவின் முதுகில் தட்டினாள். ஹேய், எய்ந்திரு, எய்ந்திரு. எனக்குப் புரியவில்லை. மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கே ஓட்டிக்கொண்டு போகிறாய் என்றேன்.

“எடத்துக்குச் சொந்தக்காரங்க வந்துட்டா ஓட்டிக்கினு பூடணும்மா. அந்தாண்ட பத்துல அப்படித்தான், அதோ பன்னெண்டுல கல்லு வுட்டே அடிச்சாங்க. சொல்லாமலே போய்ட்டா மரியாத.”

கிடா எழுந்துவிட்டது. அது படுத்திருந்த இடம் மட்டும் ஆட்டு உடம்பின் அளவுக்கு உலர்ந்து வெளுப்பாக இருந்தது, அதன்மேல் முதல் துளிகள் விழுந்து புள்ளி புள்ளியாகக் கறுத்தன. மற்ற ஆடுகளும் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. சொந்தக்காரி என்று அவள் என்னைச் சொல்கிறாள். அந்த வார்த்தை என்மேல் பொருந்தாமல் தொங்கியது, வேறு யாருடைய அளவுக்கோ தைத்த ரவிக்கை மாதிரி. இனிமேல் இந்த மண்ணில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பது என் வாயில் இருக்கிறது. ஒரு நாள் நான் கட்டத்தான் போகிறேன், அஸ்திவாரம் தோண்டத்தான் போகிறேன், அன்றைக்கு இதுகள் வேறு மேடு தேட வேண்டும், அதை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது இன்றைக்கு இல்லை. குடையை அந்தக் கிடாவின் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன்.

“இருக்கட்டும் அக்கா,” என்றேன். “எழுப்பாதீங்க.”